வெற்றிச் சுடர் சென்ற வீடும் செல்லாத வீடுகளும்: மேஜர் பரமேஸ்வரன் நினைவு எழுப்பும் கேள்வி

திருப்பதி: 1971ஆம் ஆண்டு இந்தியா-பாகிஸ்தான் போர் வெற்றியின் பொன்விழாவை முன்னிட்டு, டெல்லி தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 2020 டிசம்பர் 16 அன்று நான்கு வெற்றிச் சுடர்கள் ஏற்றப்பட்டன. நாட்டின் நான்கு திசைகளுக்கும் புறப்பட்ட அச்சுடர்கள், அப்போரில் உயரிய வீர விருதுகளைப் பெற்றவர்களின் ஊர்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றுள் ஒன்று 2021 பிப்ரவரியில் திருப்பதியை வந்தடைந்தது.

திருப்பதியில் அச்சுடர் சென்ற இல்லம், ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் சித்தூர் வேணுகோபாலுடையது. 1971இல் லெப்டினன்ட் கர்னலாக கூர்க்கா ரைபிள்ஸ் படைப்பிரிவின் பட்டாலியன் ஒன்றுக்குத் தலைமை தாங்கி, இன்றைய வங்கதேசத்தின் தர்சனா, ஜெனைதா பகுதிகளில் போரிட்டு மகாவீர் சக்ரா விருது பெற்றவர் அவர். ஆந்திரத்தின் அன்றைய முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி நேரில் சென்று அவரைக் கௌரவித்தார். ஒரு மாநில அரசு, ஒரு ராணுவ அதிகாரியின் வாசலுக்கே சென்று நன்றி சொன்ன நிகழ்வு அது.

அந்த மரியாதை முற்றிலும் பொருத்தமானது. எனினும் அது வேறொரு கேள்வியையும் எழுப்புகிறது. வெற்றி விழா கொண்டாட வழியில்லாத போரில், அயல்மண்ணில் உயிர்நீத்த அதிகாரிக்கு எந்தச் சுடர் ஏற்றப்படும்? 1987 முதல் 1990 வரை இலங்கையில் இந்திய அமைதி காக்கும் படை நடத்திய நடவடிக்கையில் 1,150க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். அவரை இந்தியாவும் இலங்கையும் நினைவுகூரும் விதத்தை ஆராய்ந்தால், ஒரு வீரரின் நினைவு அவரது துணிவை மட்டுமே பொறுத்து அமைவதில்லை என்பது புலப்படும். அவர் அனுப்பப்பட்ட போரை நாடு எப்படிப் பார்க்கிறது என்பதே அதனைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

செகந்திராபாத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை

1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜே.ஆர்.ஜெயவர்தனேவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன்படி, தமிழ்ப் போராளிக் குழுக்களின் ஆயுத ஒப்படைப்பை மேற்பார்வையிடவும் போர்நிறுத்தத்தைக் காக்கவும் இந்தியப் படை சென்றது. முதலில் அனுப்பப்பட்டது செகந்திராபாத்தைத் தளமாகக் கொண்ட 54ஆவது காலாட்படை டிவிஷன். ஒட்டுமொத்தப் படையின் தலைமையகம் சென்னையில் இயங்கியது. ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் அந்த நடவடிக்கை தொலைவில் நடந்த ஒன்றாக இருக்கவில்லை.

அமைதி காக்கும் பணி சில வாரங்களிலேயே திசைமாறியது. செப்டம்பர் 26 அன்று நல்லூரில் உண்ணாவிரதம் இருந்த திலீபன் உயிரிழந்தார். அக்டோபர் தொடக்கத்தில், இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டிருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 புலிகள் சயனைடு அருந்தி இறந்தனர். இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. 'பவன்' எனப் பெயரிடப்பட்ட ராணுவ நடவடிக்கை அக்டோபர் இரண்டாம் வாரத்தில் தொடங்கியது.

அதன் தொடக்கமே பேரிழப்பாக அமைந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டர்களில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையின் 30 வீரர்களில் 29 பேர் கொல்லப்பட்டனர், ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார். அடுத்த நாளிலேயே கூர்க்கா பட்டாலியன் ஒன்றின் தலைவரான லெப்டினன்ட் கர்னல் இந்தர் பால் சிங் பாவா போரில் வீழ்ந்தார். அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. நகரின் ஒழுங்கைகளையும் பனந்தோப்புகளையும் அறியாத படைக்கு, ஒவ்வொரு வேலியும் ஒவ்வொரு மதிலும் பதுங்கிடம் போலவே தோன்றிய நாட்கள் அவை.

கந்தரோடையில் அந்த விடியற்காலை

பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13 அன்று பம்பாயில் பிறந்தவர். அந்நகரின் எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். சென்னையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் சேர்ந்து, 1972 ஜூன் 16 அன்று மகார் ரெஜிமென்ட்டில் அதிகாரியாகப் பணியேற்றார். வடகிழக்கு மாநிலங்களில் பணியாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. 1987இல் அமைதி காக்கும் படை இலங்கைக்குப் புறப்பட்டபோது, அதன் அங்கமான 8ஆவது மகார் பட்டாலியனுடன் அவரும் சென்றார்.

நவம்பர் 24 அன்று, உடுவிலுக்கு அருகே கந்தரோடை கிராமத்தில் ஒரு வீட்டில் ஆயுதங்கள் இறக்கப்படுவதாகத் தகவல் கிடைத்தது. முதலில் சென்ற ரோந்துக் குழு மீது கோயில் ஒன்றின் அருகிலிருந்து துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. தொடர்ந்து பரமேஸ்வரன் தலைமையில் மேலும் வீரர்கள் அங்கு விரைந்தனர். நள்ளிரவு கடந்து 1.30 மணியளவில் அந்த வீடு சுற்றிவளைக்கப்பட்டது. விடியற்காலையில் தேடியபோது காலியான லாரி ஒன்று மட்டுமே இருந்தது.

வீரர்கள் திரும்பும் வழியில், கோயிலை ஒட்டிய தோப்பிலிருந்து மீண்டும் தாக்குதல் தொடங்கியது. பரமேஸ்வரன் தாக்கியவர்களைப் பின்புறமாகச் சுற்றி வளைத்தார். நேருக்கு நேர் நடந்த மோதலில் அவர் மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவரிடமிருந்து துப்பாக்கியைப் பறித்து அவரையே சுட்டு வீழ்த்தினார். உயிர் பிரியும்வரை தன் வீரர்களுக்குக் கட்டளைகளைப் பிறப்பித்துக்கொண்டிருந்தார் என்று விருதுக் குறிப்பு பதிவு செய்கிறது. அன்று 1987 நவம்பர் 25. அவருக்கு வயது 41.

1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்ட பரம் வீர் சக்ரா இதுவரை 21 பேருக்கு மட்டுமே வழங்கப்பட்டுள்ளது. அவர்களுள் 14 பேர் உயிர்த்தியாகத்துக்குப் பின் அதனைப் பெற்றவர்கள். பரமேஸ்வரன் அவர்களுள் ஒருவர்.

தாய்நாட்டில் உள்ள அடையாளங்கள்

அவருடைய பெயர் இந்தியாவில் பல இடங்களில் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் பயிற்சி பெற்ற சென்னை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தின் அணிவகுப்பு மைதானம் 'பரமேஸ்வரன்' பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கிருந்து அதிகாரிகளாக வெளியேறும் இளைஞர்களும் இளம்பெண்களும் அந்த மைதானத்தைக் கடந்தே ராணுவத்துக்குள் நுழைகின்றனர். சென்னை அரும்பாக்கத்தில் ராணுவத்தினருக்கான குடியிருப்பு ஒன்று 'பரமேஸ்வரன் விகார்' என அழைக்கப்படுகிறது. 2023 ஜனவரி 23 அன்று அந்தமான் நிக்கோபாரில் பெயரிடப்படாதிருந்த 21 தீவுகளுக்கு, பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்கள் சூட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று பரமேஸ்வரன் தீவு.

டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில், பரம் வீர் சக்ரா பெற்ற மற்றவர்களுடன் அவரது மார்பளவுச் சிலையும் இடம்பெற்றுள்ளது. விடுதலைக்குப் பிந்தைய போர்களிலும் நடவடிக்கைகளிலும் உயிர்நீத்த 25,900க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்குக் கருங்கல் பலகைகளில் செதுக்கப்பட்டன. இலங்கையில் வீழ்ந்தவர்களும் அந்த வரிசையில் உண்டு. 1990இல் படை திரும்பியது முதல் அந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே தேசியச் சின்னத்தில் இடம்பெறும்வரை ஏறத்தாழ 29 ஆண்டுகள் கடந்திருந்தன.

பெயர் இருப்பது வேறு. நாள் இருப்பது வேறு. டிசம்பர் 16 என்றால் வங்கதேச வெற்றி. ஜூலை 26 என்றால் கார்கில். பள்ளி மாணவர்களுக்கும் இந்நாட்கள் தெரியும். 'பவன்' நடவடிக்கைக்கு அப்படியொரு நாள் பொதுமக்கள் மனத்தில் பதியவே இல்லை. பல்லாண்டுகளாக முன்னாள் வீரர்கள் தம் சொந்த முயற்சியில் ஒன்றுகூடி மலர்வளையம் வைத்து வந்தனர். வெற்றி என்றோ தோல்வி என்றோ எளிதாகச் சொல்ல முடியாத ஒரு போரை நாட்காட்டியில் எந்தக் கட்டத்தில் வைப்பது என்று அரசுகளுக்குத் தெரியவில்லை. அதன் விலையை உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் கொடுத்தன.

அயல்நாட்டில் எழுந்த நினைவுத்தூபி

இந்தக் கதையில் வியப்பூட்டும் பகுதி இலங்கையில் உள்ளது. ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள், கொழும்பில் அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டிருந்த ராஜீவ் காந்தியை இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கியின் அடிப்பகுதியால் தாக்கினார். ஜெயவர்தனேவுக்குப் பின் அதிபரான ஆர்.பிரேமதாசா, 1989இல் இந்தியப் படை வெளியேற வேண்டும் எனப் பகிரங்கமாகக் கோரினார். 1990 மார்ச் 24 அன்று கடைசி இந்திய வீரர்கள் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டனர்.

இத்தனை கசப்புக்குப் பிறகும், அந்தப் படைக்கு நினைவுச் சின்னம் அமைந்தது இலங்கையின் தலைநகரான ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில், நாடாளுமன்ற வளாகத்துக்கு அருகில்தான். உயிரிழந்த இந்திய வீரர்களின் பெயர்கள் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. பிரதமர் நரேந்திர மோடி 2015 மார்ச் மாதத்திலும், பின்னர் 2025 ஏப்ரல் மாதத்திலும் அங்கு மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்தினார். யாழ்ப்பாணம் பலாலியில் உள்ள மற்றொரு நினைவுத்தூபியில், குடியரசு தினம், சுதந்திர தினம் ஆகிய நாட்களில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரிகள் மரியாதை செலுத்துவது வழக்கம்.

டெல்லியில் பொது நினைவுச் சின்னம் எழும் முன்பே கொழும்பில் எழுந்துவிட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இதனை இலங்கையின் பெருந்தன்மை என்று மட்டும் கொள்ள முடியாது. புலிகளுக்கு எதிராகப் போரிட்ட படை என்ற பொருளில், அந்நினைவுச் சின்னம் கொழும்பின் அரசியலுக்கும் ஏற்றதாக இருந்தது. அயல்நாட்டில் ஒரு வீரருக்கு எழுப்பப்படும் கல், அவரைப் பற்றிப் பேசும் அளவுக்கு அதனை எழுப்பிய அரசைப் பற்றியும் பேசுகிறது.

தமிழ் மண்ணின் மௌனம்

தமிழ்நாட்டில் இந்த நினைவு தயக்கத்துடனேயே பேசப்படுவதற்கு வலுவான காரணம் உண்டு. 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது, அன்றைய முதலமைச்சர் மு.கருணாநிதி வரவேற்பு நிகழ்ச்சிக்குச் செல்லவில்லை. ஈழத்தமிழர்களின் உயிரிழப்புக்குக் காரணமான நடவடிக்கையிலிருந்து திரும்பும் படையை வரவேற்க இயலாது என்பதே அவரது நிலைப்பாடு. அதனை அன்று ஆதரித்தோரும் உண்டு. கடுமையாகக் கண்டித்தோரும் உண்டு. அடுத்த ஆண்டே, 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். அதன் பின் இப்பொருளைப் பற்றி நிதானமாகப் பேசும் சூழலே இல்லாமற்போனது.

யாழ்ப்பாணத்தில் உள்ள நினைவுகளோ முற்றிலும் வேறானவை. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்று யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் நுழைந்தபோது, மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளுமாக ஏறத்தாழ 70 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் 21 பேர் மருத்துவமனைப் பணியாளர்கள். எதிர்த்தரப்பிலிருந்து துப்பாக்கிச் சூடு வந்ததால் நேர்ந்த மோதல் என்று இந்தியத் தரப்பு கூறியது. உயிர்தப்பிய ஊழியர்களின் சாட்சியங்கள் அதனை ஏற்கவில்லை. அந்த மருத்துவமனையில் இன்றும் ஆண்டுதோறும் உயிரிழந்த பணியாளர்களுக்கு நினைவேந்தல் நடைபெறுகிறது. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் 50க்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்த சம்பவமும் அம்மக்களின் நினைவில் ஆறாத வடுவாக உள்ளது.

இவற்றையெல்லாம் அன்றே பதிவு செய்தவர்களும் இருந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, சக ஆசிரியர்களுடன் இணைந்து எழுதிய 'முறிந்த பனை' நூலில், இந்தியப் படையின் அத்துமீறல்களையும் இயக்கங்களின் வன்முறையையும் ஒருசேர விமர்சித்தார். அவர் 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு தரப்பின் இறந்தவர்களை மட்டும் எண்ணுவது அறமாகாது என்று சொல்வது அன்றைய யாழ்ப்பாணத்தில் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அவரது மரணமே சான்று.

நாட்காட்டியே இந்தச் சிக்கலை உணர்த்தும். பரமேஸ்வரன் வீழ்ந்தது நவம்பர் 25. இரண்டு நாட்கள் கழித்து நவம்பர் 27, புலிகள் தம்முள் இறந்தவர்களுக்கென அறிவித்த மாவீரர் நாள். அதே கந்தரோடை, உடுவில் பகுதிகளில், அதே வாரத்தில், தம் பிள்ளைகளை இழந்த பெற்றோர் விளக்கேற்றுகின்றனர். பரமேஸ்வரனைச் சுட்டவரும் அவரால் சுடப்பட்டவரும் ஒருவரே என்று விருதுக் குறிப்பு சொல்கிறது. அந்த இளைஞனுக்கும் எங்கோ ஒரு வீடு இருந்திருக்கும்.

இரண்டு கணக்குகள்

இந்நிலையில் இரண்டு எளிய வழிகள் கண்முன் உள்ளன. வீரரின் துணிவைப் போற்றுவதாகச் சொல்லி அந்த நடவடிக்கையின் தவறுகளையெல்லாம் மூடி மறைப்பது ஒன்று. நடவடிக்கையின் தவறுகளைச் சுட்டிக்காட்டி அதில் இறந்த ஒவ்வொரு வீரரையும் குற்றவாளிபோல் மறந்துவிடுவது மற்றொன்று. கடந்த காலத்தில் டெல்லி பெரும்பாலும் முதல் வழியையும், தமிழ்நாட்டுப் பொதுவெளி பெரும்பாலும் இரண்டாம் வழியையும் நாடின.

இரண்டுமே பிழை. படையை அனுப்புவது அரசு. அதன் நோக்கத்தையும் எல்லையையும் வகுப்பதும் அரசு. புறப்படும்போது அமைதி காப்பது என்றும், சில வாரங்களில் போர் என்றும் மாறிய கட்டளைக்கு ஒரு கம்பெனியின் தலைவர் பொறுப்பாளி ஆகமாட்டார். கந்தரோடையில் குண்டடிபட்ட பின்னும் தன் வீரர்களை வழிநடத்தியவரின் செயல், அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு மருத்துவமனையில் நடந்ததை நியாயப்படுத்தாது. மருத்துவமனையில் நடந்தது கந்தரோடையின் துணிவைச் சிறுமைப்படுத்தவும் முடியாது. இவை தனித்தனிக் கணக்குகள். ஒன்றை மற்றொன்றால் நேர்செய்ய முயன்றதால், இரண்டுமே தீர்க்கப்படாமல் கிடக்கின்றன: வீரர்களுக்கு உரிய நாள் கிட்டவில்லை, மருத்துவமனையில் மாண்டவர்களுக்கு உரிய பதிலும் கிட்டவில்லை.

உடல் திரும்பாத குடும்பங்கள்

நினைவுச் சின்னம் என்பது அரசியல் மட்டுமன்று. அது துக்கத்தின் தேவையும் ஆகும். இன்று ஒரு வீரர் எங்கு உயிரிழந்தாலும், மூவர்ணக் கொடி போர்த்திய பேழையில் உடல் சொந்த ஊருக்கு வருவது வழக்கமாகிவிட்டது. 2021 டிசம்பரில் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்துடன் குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்த லான்ஸ் நாயக் சாய் தேஜா, சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். மரபணுச் சோதனையில் அடையாளம் உறுதி செய்யப்பட்டு, சில நாட்களுக்குப் பின் அவரது உடல் ஊர் வந்து சேர்ந்தது. ஊரே திரண்டு விடைகொடுத்தது.

1987இல் நிலைமை அப்படியில்லை. கார்கில் போருக்கு முந்தைய காலத்தில், வீழ்ந்த வீரர்களுக்குப் பெரும்பாலும் போர்க்களத்தின் அருகிலேயே இறுதிச் சடங்கு செய்யப்பட்டது. வீட்டுக்கு வந்தவை தந்தியும், அஸ்தியும், வீரரின் உடைமைகளுமே. முகம் பார்த்து அழாத துக்கம் ஆறுவதில்லை என்பதைத் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நன்கறியும். அப்படிப்பட்ட குடும்பத்துக்குக் கல்லில் பொறித்த ஒரு பெயர், கைவைத்துத் தடவிப் பார்க்கக் கிடைத்த ஒரே இடமாக அமைகிறது. அந்தக் கல் கடல்கடந்து இருந்தால், அங்கே சென்றுவர எத்தனை குடும்பங்களால் முடியும்?

இப்பகுதிக்கு இது புதிய அனுபவமும் அன்று. 1953இல் ஆந்திர மாநிலம் உருவாகும்வரை சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. இரு உலகப் போர்களிலும் அம்மாகாணத்தின் வீரர்கள் பர்மா, எகிப்து, மெசபடோமியா, இத்தாலி எனப் பல களங்களில் மாண்டனர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் வீழ்ந்த இடத்திலேயே நினைவு கொள்வது, பதவி வேறுபாடின்றி ஒவ்வொருவர் பெயரையும் பதிவது என்ற கொள்கைகளைக் கொண்டது. மியான்மரின் தவுக்கியான் கல்லறை வளாகத்தில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும் ஏறத்தாழ 27,000 பெயர்கள் உள்ளன. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறை வளாகத்தில், முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் தனியே பொறிக்கப்பட்டுள்ளன. அந்தப் போர்களின் நியாய அநியாயங்களை எவ்வளவு விவாதித்தாலும், பெயர்களைக் காப்பதில் அந்த அமைப்பு தவறவில்லை.

கல்லுக்கும் பாதுகாப்பு வேண்டும்

அயல்நாட்டு நினைவுச் சின்னங்கள் நிலையானவை என்றும் கருதிவிட முடியாது. 1971 போரில் வேணுகோபாலின் பட்டாலியன் போரிட்ட தர்சனா, வங்கதேசத்தின் மேற்கு எல்லையை ஒட்டியது. அதற்கு அண்டை மாவட்டமான மெஹர்பூரில் உள்ள முஜிப்நகர் நினைவு வளாகத்தில், பாகிஸ்தான் படையின் சரணடைவைச் சித்தரிக்கும் சிலைகள் இருந்தன. 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா ஆட்சி வீழ்ந்ததைத் தொடர்ந்த கலவரத்தில் அவை உடைக்கப்பட்டன. இந்திய வீரர்களுக்கென ஆஷுகஞ்சில் ஒரு நினைவுச் சின்னம் அமைக்க 2021 மார்ச்சில் இரு நாட்டுப் பிரதமர்களும் சேர்ந்துதான் அடிக்கல் நாட்டினர். மூன்றே ஆண்டுகளில் அரசியல் காற்று திசைமாறிவிட்டது.

வெற்றி பெற்ற போரின் சின்னங்களுக்கே இந்த நிலை என்றால், சர்ச்சைக்குரிய போரின் சின்னங்கள் எந்த அளவுக்கு அந்தந்த நாட்டு அரசியலை நம்பியிருக்க முடியும்? ஆகவே, அயல்மண்ணில் உள்ள கல்லை மதிக்கும் அதே வேளையில், நினைவின் வேரைச் சொந்த மண்ணில் ஊன்றுவதே பாதுகாப்பான வழி.

மாவட்டங்களிலிருந்து தொடங்கலாம்

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இயங்குகின்றன. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 அன்று மாவட்ட ஆட்சியர்கள் தலைமையில் கொடிநாள் அனுசரிக்கப்பட்டு நிதி திரட்டப்படுகிறது. அன்றைய தினம், அம்மாவட்டத்தில் பிறந்து எந்தப் போரிலும், எந்த அயல்நாட்டிலும் உயிர்நீத்த அனைவரின் பெயர்களையும் ஊர்ப்பெயருடன் உரக்க வாசிக்கலாம். 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானபோது அலுவலகங்களும் ஆவணங்களும் பிரிக்கப்பட்டன. இத்தகைய தருணங்களில் எந்த வீரரின் பெயரும் இரு பட்டியல்களுக்கும் இடையே விடுபட்டுப் போகாதிருக்க வேண்டும். டெல்லி நினைவுச் சின்னத்தில் பெயரைத் தேடிக் காணும் வசதி உள்ளதால், சரிபார்ப்பதும் கடினமன்று.

இரண்டாவதாக, 'பவன்' நடவடிக்கைக்கென நிரந்தரமான, அரசே பொறுப்பேற்கும் ஒரு நாள் தேவை. நவம்பர் 25 அதற்குப் பொருத்தமான நாள். அதனை வெற்றி விழாவாக நடத்த வேண்டியதில்லை. நாடு அனுப்பியது, அவர்கள் சென்றனர், திரும்பவில்லை என்ற மூன்று உண்மைகளை ஒப்புக்கொள்ளும் நாளாக இருந்தால் போதும்.

மூன்றாவது, மிகக் கடினமானது. பலாலியில் மலர்வளையம் வைக்கும் இந்தியத் தூதரக அதிகாரிகளிடமிருந்து யாழ்ப்பாணம் மருத்துவமனை சில மைல் தொலைவில்தான் உள்ளது. அங்கு மாண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஒருநாள் இந்தியாவின் சார்பில் தலைவணங்கப்பட்டால், அது தன் வீரர்களை இகழ்வதாகாது. பொதுமக்களின் உயிரிழப்பை ஒப்புக்கொள்ளும் நாடே, தன் வீரர்களின் தியாகத்தை உரத்த குரலில் சொல்லும் தகுதியைப் பெறுகிறது. அப்போதுதான் தமிழ்நாட்டிலும், ஈழத்தமிழரிடையிலும், பரமேஸ்வரன் என்ற பெயரைத் தயக்கமின்றி உச்சரிக்கும் சூழல் உருவாகும்.

திருப்பதிக்கு வந்த வெற்றிச் சுடர், 1971இன் வீரர்களுக்கு நாடு செலுத்திய கடன். இலங்கையில் வீழ்ந்த 1,150க்கும் மேற்பட்டோரின் வீடுகள் இந்தியாவின் எல்லா மாநிலங்களிலும் பரவிக் கிடக்கின்றன. அந்த வீடுகளில் பெற்றோர் பலர் இப்போது இல்லை. மனைவியரும் உடன்பிறந்தோரும் முதுமையை எட்டிவிட்டனர். தம் வாசலில் வந்து நின்று நன்றி சொல்லும் ஒருவரை அவர்கள் காண வேண்டுமானால், அதற்கு இன்னும் நீண்ட காலம் மிச்சமில்லை.